வழி திறந்த பிறகும் போகாதவர்கள்: கலாவாவோ கவுண்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு

அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே கவுண்டி என்றொரு நிர்வாகப் பிரிவு இருக்கிறது. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் நிலப்பரப்பில் மிகச் சிறியது ஹவாய் மாநிலத்தின் கலாவாவோ. மொத்தமே சுமார் 31 சதுர கிலோமீட்டர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 147 பேர் இருந்தார்கள். 2010இல் 90 பேர், 2020இல் 82 பேர். இதைவிடக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஒரே கவுண்டி டெக்சாஸில் இருக்கும் லவிங் மட்டும்தான்.

ஆட்கள் குறைந்த கவுண்டிகள் அமெரிக்காவில் நிறைய. மழை பொய்த்தது, ரயில் வரவில்லை, சுரங்கம் மூடியது, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். கலாவாவோவின் கதை வேறு. இங்கே ஆள் சேர்ந்ததும் அரசாணையால், ஆள் குறைவதும் அந்த ஆணையின் பின்விளைவால். 1866 முதல் 1969 வரை சுமார் 8,000 பேர் தொழுநோய் என்ற காரணத்துக்காக இங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் ஹவாய்ப் பூர்வகுடிகள். 1969இல் தனிமைப்படுத்தும் சட்டம் நீங்கியது. யார் வேண்டுமானாலும் போகலாம் என்றானது. அப்போதும் பலர் போகவில்லை.

அந்த ‘போகவில்லை’ என்பதை விளங்கிக்கொள்ளத்தான் இந்த ஆய்வு. நோயாளிகள் யாருடைய பெயரும் இதில் வராது. வரலாற்றில் ஏற்கெனவே பொதுப் பெயரான சிலரை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

நிலம்

இந்த விஷயத்தில் நிலத்தைச் சரியாகப் பார்க்காமல் எதுவும் புரியாது.

கலாவாவோ இருக்கும் மொலக்காய் என்ற தீவு கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அதன் வடகரை பெரும்பகுதியும் செங்குத்துப் பாறைச்சுவர். ஹவாய் மொழியில் பாலி என்பார்கள். கிழக்கே போகப்போக அது கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,000 மீட்டர் வரை எழும்புகிறது. உலகின் மிக உயரமான கடலோரப் பாறைச்சுவர்களில் ஒன்று இது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் தீவின் வடபாதி பெரும் சரிவாகக் கடலுக்குள் போனதில் உண்டான வெட்டு முகம் என்பது நிலவியலாளர்கள் தரும் விளக்கம்.

அந்தச் சுவரின் காலடியில், வெகு காலம் கழித்து, சின்ன எரிமலை ஒன்று கடலுக்குள்ளிருந்து எழுந்து குழம்பைக் கக்கியது. ஆறிய குழம்பு ஒரு நாக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதுதான் கலாவுபப்பா தீபகற்பம். நடுவில் எரிமலை வாய். அதற்குள் ஒரு சின்னக் குளம். பார்த்தால் ஒரு ஏக்கர்கூட இருக்காது, ஆழமோ 240 மீட்டருக்கு மேல்.

ஆக, மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் சுவர். மேலே இருக்கும் மொலக்காய்க்கும் கீழே இருக்கும் சமவெளிக்கும் இடையே ஒரே ஒரு நடைபாதை. சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில் 26 கொண்டை ஊசி வளைவுகள். அதில் நடந்தும் கோவேறு கழுதையிலும் போய்வந்தார்கள். இன்றுவரை வண்டி போகும் சாலை கிடையாது. கடல் வழியும் எளிதல்ல, குளிர்காலத்தில் அலை படகை நெருங்க விடாது. சரக்குப் படகு இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை, கடல் அடங்கியிருக்கும் கோடையில்தான் வருகிறது. காரோ, குளிர்பதனப் பெட்டியோ, சிமென்ட்டோ எது வேண்டுமானாலும் அந்த ஒரு படகுக்குக் காத்திருக்க வேண்டும். மற்றபடி சிறிய விமானம்.

இந்தச் சிறிய நிலத்துக்குள்ளேயே இரண்டு தட்பவெப்பம் உண்டு. கிழக்குப் பக்கக் குடியிருப்புக்கும் கலாவாவோ என்றே பெயர்: காற்று நேரே வந்து மோதும் இடம், மழையும் குளிரும் அதிகம், பிற்பகலிலேயே பாறைச்சுவரின் நிழல் விழுந்துவிடும். மேற்குப் பக்கத்துக்குத் தீபகற்பத்தின் பெயரே, கலாவுபப்பா: வெயில் உண்டு, வறண்டது, படகு இறங்கக் கொஞ்சம் தோதானது. பின்னால் எடுத்த சில முடிவுகளைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இது ஆளில்லாத இடமாக இருந்ததே இல்லை. நோயாளிகள் வருவதற்கு முன்பே 900 ஆண்டுகளுக்கு மேலாக ஹவாய் மக்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். காற்றைத் தடுக்கக் கல் அடுக்கிச் சுவர் கட்டி, அந்த மறைவில் சர்க்கரைவள்ளி பயிரிட்டார்கள். கலிபோர்னியாவில் தங்க வேட்டை நடந்த காலத்தில் இங்கிருந்து கிழங்கு கப்பலேறியது. அந்தக் கல் வரப்புகள் இன்றும் தெரிகின்றன.

பின்னணி: 1865க்கு முன்

வெளிநாட்டுக் கப்பல்கள் வரத் தொடங்கியதிலிருந்து ஹவாய் மக்கள் தட்டம்மை, பெரியம்மை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த நோய்களுக்கு அவர்கள் உடலில் எதிர்ப்பு இல்லை. மக்கள்தொகை தலைமுறைக்குத் தலைமுறை சரிந்தது. அந்த அச்சத்துக்கு நடுவில்தான் தொழுநோய் கவனத்துக்கு வருகிறது. மக்கள் அதைச் சீன நோய் என்று அழைத்தார்கள். பிற்பாடு இன்னொரு பெயரும் வந்தது: குடும்பத்தைப் பிரிக்கும் நோய். நோயின் குறிகளை வைத்து வந்த பெயரல்ல அது. அரசு என்ன செய்தது என்பதை வைத்து வந்த பெயர்.

அன்றைய மருத்துவ அறிவு எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். நோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் கண்டதே 1873இல்தான். தொற்றினால் வெளித்தெரியப் பல ஆண்டுகள் ஆகும், மனிதர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய்க்கு இயல்பான எதிர்ப்பு உண்டு என்பதெல்லாம் 1865இல் யாருக்கும் தெரியாது. மருந்தும் இல்லை. ஆகவே அன்று முடிவெடுத்தவர்களை இன்றைய அறிவை வைத்துத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்தே கேட்கக்கூடிய கேள்விகள் சில இருக்கின்றன. அவை போதும்.

முதல் முடிவு: இடம்

1865 ஜனவரியில் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா தொழுநோய் பரவுவதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்டால் பிடித்துவந்து சோதிக்கலாம், உறுதியானால் தனியிடத்துக்கு அனுப்பலாம். தலைநகர் ஹொனலுலுவுக்கு அருகில் கலிஹியில் சோதனை மருத்துவமனை. தனியிடமாக மொலக்காயின் இந்தத் தீபகற்பம்.

காரணம் வெளிப்படை. மதில் கட்டச் செலவில்லை, காவலர் அதிகம் வேண்டாம், இயற்கையே பூட்டிவிட்டது. அதோடு இன்னொரு கணக்கும் போட்டார்கள். மண் நல்ல மண், கலாவாவோப் பக்கம் இருந்த குடிகளிடம் நிலத்தையும் வீடுகளையும் வாங்கிக் கொடுத்துவிட்டால் நோயாளிகள் தாங்களே பயிர் வைத்துப் பிழைத்துக்கொள்வார்கள், அரசுக்குப் பெரிய செலவு வராது என்று.

1866 ஜனவரி 6 அன்று முதல் குழு இறக்கிவிடப்பட்டது. ஒன்பது ஆண்கள், மூன்று பெண்கள்.

கணக்கு உடனே தப்பியது. விரல் மரத்துப்போனவர் மண்வெட்டி பிடித்தால் புண்தான் வரும். பயிர் விளையும் வரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தண்ணீரைத் தொலைவிலிருந்து சுமக்க வேண்டும். மருத்துவர் இல்லை. வந்துகொண்டே இருந்த ஆட்களுக்கு வீடும் போதவில்லை. விவசாயக் குடியிருப்பு என்று காகிதத்தில் இருந்தது, தரையில் கைவிடப்பட்ட ஆட்களின் கூட்டமாக மாறியது.

இங்கே நான் குறித்துக்கொண்ட முதல் தவறு: இடத்தைத் தேர்ந்தவர்கள் நிலத்தின் ஒரு குணத்தை மட்டும் பார்த்தார்கள். நோயாளி வெளியே வர முடியாத இடத்துக்கு அரிசியும் மருந்தும் உள்ளே போவதும் கஷ்டம்தான். எந்தச் சுவர் ஆளைத் தடுக்கிறதோ அதே சுவர் சோற்றையும் தடுக்கும்.

கண்டவை: கைவிடப்பட்டவர்கள் செய்தது

இந்தக் காலகட்டத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நோயாளிகள் சட்டம் ஒழுங்கு இல்லாமல் திரிந்தார்கள், பிறகு பெல்ஜியத்திலிருந்து தமியான் பாதிரியார் வந்து எல்லாவற்றையும் சீராக்கினார் என்று. தமியான் 1873 மே 10 அன்று வந்தார், தண்ணீர்க் குழாய்க்கும் வீடுகளுக்கும் அலைந்தார், சவப்பெட்டி செய்தார், தானும் நோயுற்று 1889 ஏப்ரல் 15 அன்று, 49ஆம் வயதில் இறந்தார். 2009இல் புனிதர் பட்டம் பெற்றார். இதில் எதையும் நான் குறைக்கவில்லை.

ஆனால் அவர் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, முதல் குழு வந்த அதே 1866இன் இறுதியில், 35 நோயாளிகள் சேர்ந்து சிலோவாமா என்ற திருச்சபையைத் தொடங்கியிருந்தார்கள். 1871இல் அதற்குக் கட்டடமும் எழும்பியது. பசியும் புண்ணுமாக இருந்தவர்கள், யாரும் சொல்லாமல், முதல் ஆண்டிலேயே ஒரு பொது அமைப்பை உண்டாக்கினார்கள் என்பது ஆய்வு நோக்கில் மிக முக்கியமான தரவு. 1969இல் இங்கே இருந்தவர்கள் இந்த ஊரைவிட்டு ஏன் போகவில்லை என்பதன் விதை இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, கோக்குவாக்கள். ஹவாய் மொழியில் உதவி, உதவுபவர் என்று பொருள். மனைவிக்கு நோய் என்றால் கணவனும், மகனுக்கு என்றால் தாயும் நோயில்லாமலேயே கூட வந்தார்கள். தொடக்கத்தில் அரசு அதை அனுமதித்தது, செவிலியர் செலவு மிச்சம். 1873க்குப் பின் பிடித்து அனுப்புவது கடுமையானது. கோக்குவாக்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. உடன் வரும் உறவுதான் அங்கே இருந்த ஒரே மருத்துவம். அதை வெட்டியது செலவுக் கணக்கிலும்கூட புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

1888 நவம்பரில் மரியான் கோப் என்ற துறவியும் உடன் சகோதரிகளும் வந்து கலாவுபப்பாவில் பெண்களுக்கான இல்லத்தை நடத்தினார்கள். அவர் 1918 வரை அங்கேயே இருந்து இறந்தார். நோய் அவருக்கு வரவில்லை. இந்த ஒரு செய்தியே தொற்றைப் பற்றி அன்றைய அதிகாரிகளுக்கு எதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

1890 வாக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். மெல்ல மெல்ல மக்கள் கலாவாவோவின் குளிரைவிட்டு மேற்கே கலாவுபப்பாவுக்கு நகர்ந்தார்கள். அரசும் பிறகு அதே வழியில் வந்தது. அந்த நகர்வுக்கு ஒரு விலை இருந்தது: தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்த பூர்வகுடிகள், நோயே இல்லாதவர்கள், 1895இல் முற்றாக வெளியேற்றப்பட்டார்கள். உள்ளே தள்ளப்பட்டவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வெளியே தள்ளப்பட்ட இந்தக் குடும்பங்களைப் பற்றிப் பேச்சு குறைவு.

கவுண்டி ஆன கதை

இடையில் ஹவாய் அரசு 1893இல் கவிழ்க்கப்பட்டது. 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டன. 1905இல் கவுண்டிகள் வரையறுக்கப்பட்டபோது மொலக்காயின் மற்ற பகுதி மவுயி கவுண்டிக்குப் போனது. இந்தத் தீபகற்பமும் அதை ஒட்டிய பகுதியும் மட்டும் கலாவாவோ என்று தனியே நிறுத்தப்பட்டன.

இதற்கு மேயர் இல்லை, மன்றம் இல்லை, உள்ளூர்த் தேர்தல் இல்லை. நிர்வாகம் சுகாதாரத் துறையின் கையில். துறைத் தலைவர்தான் நடைமுறையில் மேயர். ஷெரிப் ஒருவரையும் துறையே நியமிக்கும். சட்டப் புத்தகத்தில் கவுண்டி, உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு மருத்துவமனை வார்டு. தன் ஊரின் தெருவிளக்கைப் பற்றி வாக்களிக்க முடியாத குடிமக்கள். இன்றும் அந்த ஏற்பாடு அப்படியே தொடர்கிறது.

1909: யாரும் வராத மருத்துவமனை

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்த அத்தியாயத்தில்தான். தோற்ற காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் திட்டம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அமெரிக்க நடுவண் அரசு கலாவாவோவில் ஒரு தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் கட்டியது. செலவு 3 லட்சம் டாலர். அந்தக் காலத்தில் பெரும் தொகை. ஆய்வகம், மருத்துவமனை, பணியாளர் வீடுகள் எல்லாம் புத்தம் புதியவை. 1909 டிசம்பரில் திறந்தார்கள். நூற்றுக்கணக்கான நோயாளிகள் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தார்கள். தானாக முன்வந்து சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களும் தங்கவில்லை. 1913 வாக்கில் நிலையம் மூடப்பட்டது.

என்ன ஆயிற்று? அறிவியல் பக்கம் குறை இல்லை. சேர்ந்தால் வேலிக்குள்ளேயே இருக்க வேண்டும், நண்பர்களைப் பார்க்க முடியாது, கட்டுப்பாடு கடுமை. ஏற்கெனவே குடும்பத்தைவிட்டுப் பிரிந்து வந்து, இங்கே ஒரு துணையையும் நாலு சிநேகிதர்களையும் ஒரு தோட்டத்தையும் சேர்த்து வைத்திருந்தவர்களிடம், அதையும் விட்டுவிட்டு வா என்றது நிலையம். நிலையம் இருந்த இடமோ மக்கள் குளிர் தாங்காமல் விட்டுவந்த கிழக்குப் பக்கம். பதிலுக்கு உறுதியான சிகிச்சை என்று கொடுக்க மருத்துவர்களிடமும் ஒன்றும் இல்லை. ஆராய்ச்சிக்கு உடல் வேண்டும் என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

நோயாளிகள் ஊர்வலம் போகவில்லை, கல் எறியவில்லை. வரவில்லை. கையில் வேறு எந்த அதிகாரமும் இல்லாதவர்களின் வாக்கெடுப்பு அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கட்டுவதற்கு முன் ஐம்பது நோயாளிகளிடம் போய், ‘எந்தப் பக்கம் கட்டலாம், எப்படி இருந்தால் வருவீர்கள்?’ என்று கேட்டிருந்தால் 3 லட்சம் மிஞ்சியிருக்கும். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மருந்துகள்

அப்போது ஓரளவு பயன்பட்டது சால்முக்ரா எண்ணெய். நம் சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்குச் சேர்க்கும் நீரடிமுத்து இதே இனத்து மரத்தின் விதைதான். குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் கட்டிபோல் உறைந்து நிற்கும். 1915இல் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பின வேதியியலாளர் அதை உடல் ஏற்கும் ஊசி மருந்தாக்க வழி கண்டார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அந்த மருந்தால் சிலர் வீடு திரும்ப முடிந்தது. ஆனால் அது நிலையான தீர்வாகவில்லை.

உண்மையான திருப்பம் சல்போன் மருந்துகள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் 1941 முதல் பயன்பட்டவை, கலாவுபப்பாவுக்கு 1946இல் வந்தன. கிருமி அடங்கியது, தொற்றும் நின்றது. மருத்துவ நோக்கில் தனிமைப்படுத்தலுக்கான காரணம் அன்றோடு தளர்ந்துவிட்டது. சட்டம் போனதோ 1969இல். இடையில் 23 ஆண்டுகள்.

அந்த 23 ஆண்டுகளில் என்ன நடந்தது என்றால், பழைய நடைமுறையே கொஞ்சம் இளகிய வடிவில் தொடர்ந்தது. தோலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள், தொடர்ந்து கிருமி இல்லை என்று வந்தால் வெளியே விடுவார்கள். அப்படி வெளிவருவதற்கு வழங்கிய சொல் பரோல். சிறைக்கைதிக்குச் சொல்கிற அதே சொல். உறவினர் பார்க்க வந்தால் நடுவே கம்பி வலை. தம்பதிக்குக் குழந்தை பிறந்தால் உடனே பிரித்து, பிறகு உறவினரிடமோ தத்தாகவோ கொடுத்தார்கள்.

நார்வேயை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அங்கே 1885 சட்டத்திலேயே நோயாளி வீட்டில் தனி அறையில் இருக்கலாம், அதற்கு வழியில்லை என்றால் மருத்துவமனை என்று தெரிவு இருந்தது. அதே அச்சம், அதே நூற்றாண்டு, மருந்து அங்கேயும் இல்லை. அப்படியும் வேறு மாதிரிச் செய்ய முடிந்திருக்கிறது.

1969: வழி திறந்தது

சட்டம் நீங்கியது. முடிவு இரண்டு பகுதியானது. ஒன்று, யாரையும் இனி அனுப்ப மாட்டோம், இருப்பவர்கள் போகலாம். இரண்டு, இருக்க விரும்பினால் கடைசிவரை இருக்கலாம், வீடும் மருத்துவமும் அரசு பார்த்துக்கொள்ளும்.

இளையவர்கள், உடல் வலு இருந்தவர்கள் சிலர் போனார்கள். பலர் தங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்த சிலருக்கு இது விசித்திரமாக இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினைந்து வயதில் பிடித்துவரப்பட்டவருக்கு அறுபது வயதில் ‘வீட்டுக்குப் போ’ என்றால் எந்த வீடு? அப்பா அம்மா இல்லை. கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு இப்படி ஒருவர் இருப்பதே பல வீடுகளில் சொல்லப்பட்டிருக்காது. வெளியே கடைத்தெருவில் முகத்தையும் விரல்களையும் பார்ப்பார்கள். கலாவுபப்பாவில் யாரும் பார்ப்பதில்லை. தேவாலயம் இங்கே, மீன்பிடிக்கும் பாறை இங்கே, துணைவியின் கல்லறை இங்கே. பிடித்துக்கொண்டு வந்து போட்ட இடம் என்பது உண்மைதான். அதன்பிறகு அவர்கள் கையால் ஊராக்கிய இடம் என்பதும் உண்மைதான்.

அடுத்தடுத்து இரண்டு முடிவுகள்

இங்கே ஒரே காலத்தில் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது ஹாலே மொஹாலு. ஹொனலுலு இருக்கும் ஒவாஹு தீவில், பேர்ல் சிட்டியில் 1949 முதல் நோயாளிகளுக்காக நடந்த இல்லம். 1978இல் மாநில அரசு கட்டடம் பழசு, பராமரிக்கச் செலவு என்று மூடி, எல்லோரையும் நகர மருத்துவமனை ஒன்றுக்கு மாற்ற முடிவெடுத்தது. சில நோயாளிகள் மறுத்து உள்ளேயே இருந்தார்கள். மின்சாரமும் தண்ணீரும் நிறுத்தப்பட்டன. ஆதரவாளர்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஐந்து ஆண்டுகள் இழுத்தது. 1983 செப்டம்பரில் போலீஸ் வந்து தூக்கி வெளியேற்றியது, கட்டடம் இடிக்கப்பட்டது.

இரண்டாவது கலாவுபப்பா தேசிய வரலாற்றுப் பூங்கா. 1970களில் நோயாளிகள் குறையத் தொடங்கியதும், இவ்வளவு அழகான கடற்கரையை ஓட்டல்காரர்கள் விட்டுவைப்பார்களா என்ற கவலை எழுந்தது. இந்த முறை நடந்த விதம் வேறு. என்ன செய்யலாம் என்று நோயாளிகளிடம் கேட்டார்கள். 1980 டிசம்பரில் வந்த சட்டத்தில் அதன் தடம் தெரிகிறது: நோயாளிகள் விரும்பும் வரை அங்கே வாழலாம், அவர்கள் தனிமையைக் காக்க வேண்டும், பார்வையாளர் நாளொன்றுக்கு 100 பேருக்கு மேல் வேண்டாம், வருமானம் தரும் சேவைகளில் முதல் உரிமை அவர்களுக்கு. ஆலோசனைக் குழுவின் 11 பேரில் ஏழு பேரை நோயாளிச் சமூகமே தேர்ந்தெடுக்கும். 1866 முதல் 1980 வரை, 114 ஆண்டுகளில், அவர்கள் ஊரைப் பற்றிய குழு ஒன்றில் அவர்கள் பெரும்பான்மையாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இப்போது

82 பேரில் பெரும்பாலோர் சுகாதாரத் துறை ஊழியர்களும் பூங்காத் துறை ஊழியர்களும். முன்னாள் நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவே. எல்லோரும் குணமானவர்கள், எல்லோரும் முதியவர்கள். வெளியாள் வர அனுமதிச் சீட்டு வேண்டும். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. குழந்தைகளையே வைத்துக்கொள்ள விடாமல் செய்த ஊரில் இந்த விதி எவ்வளவு கனமானது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் மண்சரிவில் நடைபாதை அறுந்து, மேலேயும் கீழேயும் இணைத்த ஒரே தரைவழியும் மூடிப்போனது. நிலம் தன் பழைய வேலையை இன்னும் விடவில்லை.

8,000 பேரில் பெரும்பாலோரின் கல்லறைக்கு அடையாளம் இல்லை. அவர்கள் பெயர்களை எழுதிய நினைவிடம் அமைக்க 2009இல் நடுவண் சட்டம் அனுமதித்தது. நோயாளிகளும் சந்ததியாரும் சேர்ந்து அமைத்த சங்கம் பழைய பதிவேடுகளைத் துழாவி, குடும்பங்களுக்குத் தங்கள் தாத்தா பாட்டியின் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவருகிறது.

என்ன மாற்றியிருக்கலாம்

1865இன் சட்டம் வராமல் இருந்திருக்குமா? அன்றைய அச்சத்தில் ஏதோ ஒன்று வந்தே இருக்கும். நார்வே மாதிரி வீட்டு அறையை ஒரு தெரிவாக வைத்திருக்கலாம். இடம் இதுதான் என்றாலும், ஆளை இறக்கும் முன் தண்ணீர், ஓராண்டுக்கான உணவு, ஒரு மருத்துவர் என்று வைத்திருக்கலாம். கோக்குவாக்களை வேலையாளாகவே பதிவுசெய்து கூலி கொடுத்திருக்கலாம்.

1946க்குப் பிறகான 23 ஆண்டுகளுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்த அன்றே சட்டத்தை மறுபரிசீலிக்க ஒரு தேதி குறித்திருக்க வேண்டும். பயத்தில் போடும் சட்டங்களுக்கு முடிவு நாள் ஒன்றை எழுதிவைக்காவிட்டால், பயம் போன பிறகும் அவை தம் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும்.

ஹாலே மொஹாலுவில் செலவுக் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒருமுறை பிடித்துச் சென்று இடம் மாற்றப்பட்டவரை இன்னொரு முறை அதே விதத்தில் மாற்றுவது வேறு விஷயம் என்பது கணக்கில் ஏறவில்லை.

இன்னும் எடுக்கப்படாத ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. கடைசி நோயாளி காலமானபின் சுகாதாரத் துறைக்கு அங்கே வேலை இல்லை. அப்போது கவுண்டி என்ற அமைப்பு என்ன ஆகும்? நிலத்தில் ஒரு பகுதி ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கான குடியிருப்பு நிலத் துறையுடையது, பூங்காத் துறை அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. மேலே மொலக்காயில் இருப்பவர்களுக்கு ஒரு கருத்து, சந்ததியார் சங்கத்துக்கு ஒரு கருத்து, 1895இல் வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கு இன்னொன்று. பார்வையாளர் எண்ணிக்கையை உயர்த்தலாமா, பிள்ளைகளை அனுமதிக்கலாமா என்ற கேள்விகள் கூட்டங்களில் வந்துகொண்டிருக்கின்றன. அங்கே எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன.